புல்வெளிக்கு வந்த ஆறு மாடி

ஆறு மாடி நூலகம் ஒன்றை, பூட்டிய கதவைத் திறக்காமலே, ஒரே காலைப்பொழுதில் தூக்கிவந்து புல்வெளியில் காயப்போட்டவன் நான். கிரேன் கிடையாது, லாரி கிடையாது. கூடமாட ஒத்தாசைக்கு என்று பார்த்தால், கிசுகிசுக்க மட்டுமே தெரிந்த ஒரு மனிதரும், சாப்பிடும்போதுகூட இடது கையால் தட்டச்சு செய்கிற ஒரு பெண்ணும். எனக்கு முன்னால் எந்த நூலகரும் இதைச் செய்ததில்லை. இனிமேலும் எவரும் செய்யப்போவதில்லை.

"ஆரம்பிச்சுட்டாரு," என்றார் சம்பந்தி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். எங்கள் வீட்டு பால்கனியில் நான்கு நாற்காலி. ஒன்றில் நான், ஒன்றில் என் வீட்டுக்காரி, ஒன்றில் மருமகள், நான்காவதில் மருமகளைப் பெற்ற சம்பந்தி. சம்பந்தி ஆவதற்கு முன்பு அவரும் நானும் ஒரே பல்கலைக்கழகத்தில் குப்பை கொட்டியவர்கள். நான் நூலகர், அவர் தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரி. சூரியன் கிழக்கே உதித்தது என்று சொன்னால்கூட மூன்று பிரதி எடுத்துக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் நம்புவார். நான் இந்தக் கதையை எப்போது எடுத்தாலும் நாற்காலியை ஒரு சாண் பின்னால் தள்ளிக்கொண்டு, காலை நீட்டி, மறுப்புச் சொல்லத் தயாராகிவிடுவார்.

"மாமா, போன தடவை அஞ்சு மாடின்னு சொன்னீங்க," என்றாள் மருமகள்.

"நடுவுல ஒண்ணு கட்டினாங்கம்மா."

"யாரு, உங்க வாயா?" என்றாள் என் வீட்டுக்காரி.

இப்படி நாலா பக்கமும் முட்டுக்கட்டை போட்டால் ஒரு மனிதன் எப்படி உண்மையைச் சொல்வான்? ஆனாலும் சொல்வேன்.

அந்த நாட்களில் எங்கள் நூலக வாசலில் ஒரு மர அலமாரி இருந்தது. புறாக்கூண்டு மாதிரி சின்னச் சின்ன அறைகள். உள்ளே வருகிற மாணவர்கள் கைபேசியை அணைத்து அதில் வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு எங்கள் வாசல் பொறுப்பாளர் உட்கார்ந்திருப்பார். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்கள் எல்லோருக்கும் அவர் 'உஷ்'. உதட்டில் விரலை வைத்து அவர் அந்தச் சத்தத்தை எழுப்பினால், மூன்றாவது மாடியில் மின்விசிறி நிற்கும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கிசுகிசுத்தே பழகி, வீட்டில் மனைவியோடு சண்டை போடுவதுகூடக் கிசுகிசுப்பாகத்தான் என்று கேள்வி.

பிள்ளைகளுக்குக் கைபேசியைக் கழற்றி வைப்பது என்பது காதைக் கழற்றி வைப்பது போல ஆகிவிட்ட காலம் அது. ஒருவர் ஒருவராக வருவதை நிறுத்தினார்கள். இரண்டாம் மாடி வாசிப்புக் கூடத்தில் நீளநீளமான மேசைகள் தூசு தட்டி, துடைத்து, ஆளில்லாமல் பளபளத்தன. ஈ ஓட்டலாம் என்றால் ஈயும் பேச்சுத்துணை தேடி கேண்டீனுக்குப் போய்விட்டது. ஒருநாள் அந்தக் கூடத்துக்குள் அளவு நாடாவோடு ஒருவர் நுழைந்து, சுவருக்குச் சுவர் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார் தேடுறீங்க?" என்றேன்.

"தேடல. அளக்கிறேன்," என்றார், இப்போது என் பால்கனியில் கால் நீட்டியிருக்கிற இதே மனிதர். "விடைத்தாள் மூட்டையெல்லாம் மாடிப்படிக்கு அடியில மழைத்தண்ணியில கிடக்கு. இங்க காத்து வாங்குது. துணைவேந்தர் மேடம்கிட்ட கேட்டிருக்கேன்."

"இது வாசிப்புக் கூடம் சார்."

"வாசிக்கிற ஒரு ஆளைக் காட்டுங்க, நான் இப்பவே டேப்பைச் சுருட்டிடுறேன்."

திரும்பிப் பார்த்தேன். ஒரே ஒருவர் இருந்தார். அவரும் மேசையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

இந்தப் பருவம் முடிவதற்குள் குழு கூடும், கூடத்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவாகும் என்று துணைவேந்தர் அம்மாள் சொல்லிவிட்டார். ஆளில்லை என்று தெரிந்தால் கூடம் மூட்டைகளுக்கு. அவ்வளவுதான். அன்று வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை என்பது மட்டும் மிகையில்லாத உண்மை. என் வீட்டுக்காரியைக் கேட்டுப் பாருங்கள்.

"ரெண்டாவது தடவை சாப்பிடல," என்றாள் அவள்.

பிள்ளைகள் கைபேசியை விட்டுவிட்டு நூலகத்துக்கு வர மாட்டார்கள் என்றால், நூலகம்தான் கைபேசிக்குள் போக வேண்டும். இதைச் சொன்னது எங்கள் கணினிப் பிரிவுப் பெண். 'மின்னல்' என்று கூப்பிடுவோம். அவள் ஒரு பதிலைத் தட்டி முடிக்கும்போது, கேட்டவர் கேள்வியின் பாதியில்தான் இருப்பார். நானும் உற்சாகமாகி, என் மூத்த சகாக்களை எல்லாம் கூட்டி, கைபேசியில் நூலகத்தின் முகப்பு எப்படி இருக்க வேண்டும் என்று விவாதித்தேன். நூலகர்கள் பத்துப் பேர் ஓர் அறையில் அடைந்து கதவைச் சாத்திக்கொண்டால் என்ன பிறக்குமோ அதுவே பிறந்தது. திறந்தால் பத்துப் பெட்டி. ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண். சைபர் சைபர் சைபர், நூறு, இருநூறு, இப்படியே தொள்ளாயிரம் வரை. ஐந்நூறை அழுத்தினால் அறிவியல். அதற்குள் ஐந்நூற்று நாற்பதை அழுத்தினால் வேதியியல். அதற்குள் புள்ளி வைத்து இன்னும் பத்து வாசல். அலமாரிகளில் புத்தகம் அடுக்குகிற எண் வரிசையை அப்படியே உள்ளங்கைக்குள் இறக்கிவிட்டோம். அந்த அழகைப் பார்த்து எங்களில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் அதில் ஒருவன்.

"சார், எனக்கு என்னமோ சரியாப் படல," என்றாள் மின்னல்.

"உனக்கு வகைப்பாட்டோட அருமை தெரியாதும்மா."

முதல் வாரம் அதைப் பயன்படுத்தியவர்கள் நாங்கள் பத்துப் பேர். பிறகு மின்னலின் அம்மா, பெற்ற பாசத்தால். ஒரு மாணவன் மின்னலிடம் வந்து, "அக்கா, இது ஸ்டேஷன்ல பெட்டி வைக்கிற லாக்கரா?" என்று விசாரித்துவிட்டுப் போனான்.

அதன் பிறகுதான் நான் என் வாழ்நாளின் மகத்தான ஆராய்ச்சியில் இறங்கினேன். அறைக்குள் உட்கார்ந்தால் ஆகாது என்று, காலையில் பல்கலைக்கழகப் பேருந்தில் ஏறினேன். நெரிசல் என்றால் அப்படி ஒரு நெரிசல். மூச்சை உள்ளே இழுத்தவர் அதை வெளியே விட அடுத்த நிறுத்தம் வரை காத்திருக்க வேண்டும். எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றாள். ஒரு கை மேலே கம்பியைப் பிடித்திருந்தது. முதுகுப்பை மார்பில் தொங்கியது. இன்னொரு கையில் கைபேசி. அந்தக் கையில் ஓய்வாக இருந்தது கட்டைவிரல் ஒன்றுதான். அவள் என்ன செய்தாள் தெரியுமா? எங்கள் பக்கத்தைத் திறந்தாள்! என் இதயம் குதித்து முன் சீட்டுக்காரர் மடியில் விழுந்தது. கட்டைவிரல் முந்நூறைத் தொட எட்டிப் பார்த்தது. எட்டவில்லை. பேருந்து குலுங்கியதில் எண்ணூறில் விழுந்தது. திரும்ப வந்தாள். பக்கம் சுற்றியது, சுற்றியது. ஒரு பெருமூச்சு விட்டு அதை மூடிவிட்டு, பூனை மேசையிலிருந்து தவறி விழுகிற வீடியோவைப் பார்க்கத் தொடங்கினாள்.

ஒரு பூனையிடம் தோற்ற நூலகம்! நான் இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தேன் போலிருக்கிறது.

"அங்கிள், உங்களுக்கு என்ன வேணும்?" என்றாள் அவள், சத்தமாக.

"உன் கட்டைவிரல்மா," என்றேன் நான், ஆராய்ச்சி மும்முரத்தில்.

பேருந்தே நிசப்தமாகிவிட்டது. உஷ் பார்த்திருந்தால் ஆனந்தக் கண்ணீர் வடித்திருப்பார். கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "பெரியவரே, பார்த்தா மரியாதையா இருக்கீங்க. மரியாதையா இறங்கிடுறீங்களா?" நான் அடையாள அட்டையை எடுத்துக் காட்டி, நூலகம், கைபேசி, பத்துப் பெட்டி எல்லாவற்றையும் மூச்சு வாங்க விளக்கினேன். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்த நம்பர் பொட்டியெல்லாம் நீங்க வச்சதா?"

"ஆமாம்மா."

"ஒரு புத்தகம் இருக்கான்னு கேட்டா, இருக்கு, இல்லன்னு சொல்லணும் அங்கிள். இருந்தா எடுத்து வைக்கணும். அடுத்த ஸ்டாப் வர்றதுக்குள்ள முடியணும். அவ்வளவுதான் எங்களுக்கு நேரம்." சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

அன்று மாலையே பத்துப் பெட்டிகளையும் தூக்கி எறிந்தோம். இரண்டு சகாக்கள் துக்கம் விசாரிக்க வந்தது போல மூலையில் நின்றார்கள். மின்னல் ஒரே ஒரு கட்டம் வைத்தாள், கட்டைவிரல் தானாகப் போய் விழுகிற இடத்தில், திரையின் அடியில். 'என்ன வேணும்?' அதில் எதை எழுதினாலும், பாதிப் பெயரை எழுதினாலும், பேராசிரியர் சொன்ன நீல அட்டைப் புத்தகம் என்று எழுதினாலும், எங்கள் ஆள் ஒருவர் எடுத்துப் பார்த்துப் பதில் போடுவார். புத்தகத்தைத் திருப்பித் தருகிற கெடுவை நீட்டிக்க ஒரு தட்டு. எடுத்து வைக்கச் சொல்ல ஒரு தட்டு. இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே ஒற்றைக் கட்டைவிரலால் முடியாத எதுவும் அந்தத் திரையில் இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன்.

எடுத்து வைத்த புத்தகங்களை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தபோது எல்லோர் கண்ணும் வாசல் புறாக்கூண்டுக்குப் போனது. இனிமேல் கைபேசி உள்ளே போகும், புத்தகம் கூண்டுக்குள் வரும்.

"போனை உள்ள விடச் சொல்றீங்களா?" உஷ் கிசுகிசுத்தார். அவர் கிசுகிசுப்பில் அவ்வளவு கோபத்தை நான் கேட்டதில்லை. "நாளைக்கு ஆடு மாடெல்லாம் விடச் சொல்லுவீங்க."

"ஆடு புத்தகம் கேட்டா அதையும் விடுங்க."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், உதவி கேட்டு வருகிற அழைப்புகளை எடுக்க ஆளில்லாமல் அவரிடம் ஒரு கைபேசியைக் கொடுத்தோம். அவருக்குப் பேசத் தெரிந்தது ஒரே ஸ்தாயி. "நாலாவது மாடி... சன்னலோரம்... மேல் தட்டு... மெதுவா எடுங்க..." பிள்ளைகள் சொக்கிப்போனார்கள். ஏதோ புதையலுக்கு வழி சொல்வது போல இருக்கிறதாம். புத்தகம் வேண்டாதவர்கள்கூட அழைத்து வழி கேட்டார்கள் என்று நான் சொன்னால் சம்பந்தி நம்ப மாட்டார்.

"நம்ப மாட்டேன்," என்றார் சம்பந்தி.

கூட்டம் மெல்லத் திரும்பத் தொடங்கியது. ஆனால் குழு கூடுகிற நாள் அதைவிட வேகமாக வந்துவிட்டது. பரீட்சைக்கு முந்தைய வாரம். அன்று காலை பார்த்து எங்கள் வாசல் கதவு பழி வாங்கியது. யானை நுழைகிற கதவு அது. ஒரு வாரம் பெய்த மழையில் மரம் ஊதி, பூட்டு இறுகி, சாவி உள்ளேயே முறிந்துவிட்டது. பூட்டுக்காரர் வந்து குனிந்து பார்த்து, "சாயங்காலம் ஆயிடும் சார்," என்று சொல்லிவிட்டு, முதல் வேலையாக டீ குடிக்கப் போனார். பின்பக்கம் புத்தகம் தைக்கிற அறைக்கு ஒரு குறுகலான இரும்புப் படி உண்டு. ஊழியர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பக்கவாட்டில் நுழையலாம். மாணவர்களை அதில் விட முடியாது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். இதைவிட நல்ல நாள் அந்த அளவு நாடாக்காரருக்குக் கிடைக்காது.

மின்னல் உட்காரவில்லை. அவள் விரல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. எல்லா மாணவர் கைபேசிக்கும் ஒரு வரி போனது: 'கதவுதான் திறக்கவில்லை. நாங்கள் உள்ளே இருக்கிறோம். கேளுங்கள், கீழ்த்தளத்து ஜன்னலில் தருகிறோம்.'

"சார், நீங்க மீட்டிங்குக்குப் போங்க," என்றாள். "இங்க நின்னு கையைப் பிசைஞ்சா புத்தகத்துல வேர்வை படும்."

போனேன். துணைவேந்தர் அறையில் நீள்வட்ட மேசை. சட்டைப்பையில் என் கைபேசி ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தரம் அதிரும்படி வைத்திருந்தேன். முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு நிற்கவே இல்லை. பக்கத்தில் இருந்த பேராசிரியர் என் நெஞ்சைப் பார்த்துவிட்டு, "டாக்டரைக் கூப்பிடவா?" என்று கேட்டார்.

தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரி எழுந்து பேசினார். ஒன்று சொல்ல வேண்டும், நன்றாகவே பேசினார். "மேடம், இன்னைக்கு லைப்ரரி கதவே திறக்கல. பரீட்சைக்கு முந்தின வாரம். ஒரு பையன் வந்து கேட்டானா? ஒரு பொண்ணு புகார் குடுத்துச்சா? ஒரு இடத்தை மூடினது யாருக்குமே தெரியலன்னா, அந்த இடம் யாருக்கு வேணும்?"

துணைவேந்தர் என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"ஜன்னலைத் திறக்கலாமா மேடம்?" என்றேன்.

அவரே எழுந்துபோய்த் திறந்தார். நானும் பின்னால் போனேன். ஒரு வாரத்து மழை விட்டு அடித்த வெயிலில், எதிரே எங்கள் நூலகம் வாயைப் பூட்டிக்கொண்டு நின்றது. அதன் முன்னால் புல்வெளி முழுக்க, மரத்தடி முழுக்க, வாசல் படிகள் முழுக்கப் பிள்ளைகள். ஒவ்வொரு மடியிலும் ஒரு புத்தகம். சிலர் நிறுத்தி வைத்த ஸ்கூட்டர் மேல் குறுக்கே உட்கார்ந்து படித்தார்கள். ஓர் அகராதியை நான்கு பேர் நான்கு பக்கமிருந்து புரட்டினார்கள். ஜன்னலில் மின்னலின் தலை மட்டும் தெரிந்தது. ஒரு கை உள்ளே போகும், புத்தகத்தோடு வெளியே வரும். ஆறு மாடியும் இறங்கி வந்து புல்லில் உட்கார்ந்திருந்தது ஐயா! சரஸ்வதியே மேலேயிருந்து பார்த்து வழி தெரியாமல் நின்றிருப்பாள்.

"பூட்டின லைப்ரரியில இருந்து புத்தகம் எப்படி வெளிய வந்துச்சு?" என்றார் துணைவேந்தர்.

"கேட்டாங்க மேடம். குடுத்தோம்."

பின்னாலிருந்து அதிகாரியின் குரல் வந்தது. "அப்ப ரொம்ப நல்லது. புத்தகம் ஜன்னல்லயே போகுதுன்னா வாசிப்புக் கூடம் எதுக்கு? விதிப்படியே..."

நானே தோண்டிய குழி. நல்லவேளை, நான் பதில் சொல்ல வேண்டி வரவில்லை. துணைவேந்தர் வெளியே பார்த்தபடியே, "புத்தகம் கிடைச்சிடுச்சு. உட்காரத்தான் இடமில்ல. ஈரப்புல்லுல உட்கார்ந்திருக்காங்க பாருங்க," என்றார். பிறகு அதிகாரியிடம் திரும்பி, "விதிப்படின்னு என்னமோ சொல்ல வந்தீங்களே, என்ன விதி?" என்று கேட்டார்.

நானும் திரும்பினேன். அவர் பாதி எழுந்து நின்றிருந்தார், வாய் திறந்தபடி. மேசைக்கு அடியில் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெதுவாக உட்கார்ந்தார். "ஒண்ணுமில்ல மேடம்."

கூடம் பிழைத்தது. மறுநாள் கதவு திறந்ததும் அந்தப் புல்வெளிக் கூட்டம் அப்படியே மாடியேறியது. மேசையில் இடம் பிடிக்கக் கைக்குட்டை போட்டார்கள், செருப்புப் போட்டார்கள், ஒருவன் தன் தம்பியையே போட்டுவிட்டுப் போனான். மூட்டைகளுக்கு வேறு கட்டடம் கிடைத்தது. இப்படி நாங்கள் முட்டி மோதிய கூட்டங்களுக்கு வெளியே, அவரவர் அப்பாவை வீட்டுக்கு அழைத்துப்போகக் காத்திருந்த என் மகனும் அவர் மகளும் பேச்சுத்துணையாகி, எங்கள் இருவரையும் சம்பந்திகளாக்கிவிட்டார்கள்.

"நாலு பசங்க சொந்தப் புத்தகத்தை வச்சுப் படிச்சிட்டிருந்தாங்க," என்றார் சம்பந்தி, வழக்கம்போல. "அதைப் போய் ஆறு மாடின்னு..."

"அப்ப நீங்க ஏன்பா உட்கார்ந்தீங்க?" என்று கேட்டாள் மருமகள். "நாலே பேர்னா, ஜெயிச்சிருக்கலாமே."

சம்பந்தி நாற்காலியை இன்னும் ஒரு சாண் பின்னால் தள்ளினார். நான் விடுவேனா?

"நான் சொல்றேன்மா. என் முகத்தைப் பார்த்தாரு. அதுல வீசின ஒளியில கண்ணு கூசி, காலு வெடவெடன்னு நடுங்கி, மேசையைப் பிடிச்சுக்கிட்டு, ஐயோன்னு..."

"நடுக்கமா? எனக்கா?" சம்பந்தி நீட்டியிருந்த காலை மடக்கி நிமிர்ந்தார். "உங்களைப் பார்த்தா?"

"பின்ன?"

"பயந்து ஒண்ணும் உட்காரல. என் கையில புத்தகம் இருந்துச்சு."

"என்ன புத்தகம்?"

சம்பந்தி தெருப் பக்கம் திரும்பினார். கீழே யாரோ ஒரு வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பல்கலைக்கழக விதித்தொகுப்பு. பயன்படாத கூடத்தை வேற துறைக்கு மாத்தலாம்னு அதுல ஒரு விதி இருக்கு, எனக்குச் சாதகமா. வாய்ல இருந்துச்சு, ஆனா எண் ஞாபகம் வரல. நீங்க மேடம் கூட ஜன்னலுக்குப் போனீங்க. எல்லாரும் அங்கதான் பார்த்துட்டிருந்தாங்க. நான் மேசைக்கு அடியில போனை எடுத்து, உங்க கட்டத்துல கேட்டேன்."

என் வீட்டுக்காரி கையிலிருந்த விசிறியை நிறுத்தினாள். எனக்குப் பேச்சு வரவில்லை. என் வாழ்நாளில் அது நடந்தது அன்றுதான் என்று அவள் பிறகு சொன்னாள்.

"ரோட்டைத் தாண்டினா உங்க கட்டடம். வரும்னு நினைக்கல, சம்பந்தி. சும்மா ஒரு... வராதுன்னு காட்டலாம்னுகூட நினைச்சேனோ என்னமோ. மேடம் இன்னும் ஜன்னல்லதான் நின்னாங்க, நீங்களும் இன்னும் வாயைப் பிளந்துட்டுத்தான் நின்னீங்க, அதுக்குள்ள வந்துடுச்சு. அந்த விதி இருக்கிற பக்கத்துல அடையாளம் வச்சே வந்துச்சு. எந்திரிச்சுப் படிக்கணும்னா புத்தகத்தைத் தூக்கணும். தூக்கினா அட்டையில உங்க முத்திரை. பூட்டிக் கிடக்குற லைப்ரரியோட முத்திரை."

"அப்பா," என்றாள் மருமகள்.

"யாரு கொண்டுவந்தா?" என்றேன். என் குரல் எனக்கே கிசுகிசுப்பாகக் கேட்டது. "எனக்கு யாரும் சொல்லலையே."

"அவரு எப்படிச் சொல்லுவாரு? யாரு என்ன கேட்டாங்கன்னு வெளிய சொல்ற ஆளா அவரு? செருப்பைக் கழட்டிட்டு வந்தாரு. கதவு திறந்த சத்தம்கூடக் கேக்கல. வேர்த்து வழியுது, மூச்சு வாங்குது, ஆனா அந்த மூச்சையும் சத்தமில்லாம வாங்குறாரு. குனிஞ்சு என் மடியில அந்தப் புத்தகத்தை வச்சாரு. விரலை உதட்டுல வச்சு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. அப்படியே பின்னாடியே நடந்து போயிட்டாரு." சம்பந்தி தன் வெறும் மடியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "நடந்ததுதான் சம்பந்தி. நீங்க சொல்றபடியேதான் நடந்துச்சு."